பிறவி வளைவு

கிரேன் லேக் ஊரில் அந்த ஜனவரி மாதம் இரண்டு இடங்களில் வரிசை நின்றது. ஒன்று டாக்டர் வீட்டு வாசலில். அதில் நான்கு பேர். இன்னொன்று வெளியூரிலிருந்து மட்டை விற்க வந்திருந்த லைல் ப்ரென்டிஸைப் பார்க்க. அது பனி அரங்கின் கதவைத் தாண்டி வண்டிகள் நிற்கும் இடம்வரை நீண்டது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. மீசை உறைந்து குச்சியாக நின்றது. ஆனாலும் தன் ஹாக்கி மட்டைக்கு எந்த வளைவு என்று தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்ப ஒருவருக்கும் மனமில்லை.

மட்டையின் அடியில் ரப்பர் வட்டைத் தொடுகிற அலகு கொஞ்சம் வளைந்திருக்கும். சிலருக்கு நுனியில் வளைவு, சிலருக்கு நடுவில், சிலருக்கு அடிப்பக்கத்தில். ஆள் எப்படி அடிப்பாரோ அதற்குத் தகுந்ததை வாங்குவார். இத்தனை காலம் ஊர் இப்படித்தான் முட்டாள்தனமாக வாழ்ந்துகொண்டிருந்தது. லைல் வந்து கண்ணைத் திறந்தார்.

"நீங்க அடிக்கிற விதத்துக்கு வளைவு தேடுறீங்க. அங்கதான் தப்பு. நீங்க பொறக்கும்போதே ஒரு வளைவும் கூடவே பொறக்குது. அதைக் கண்டுபிடிச்சுக் கையில குடுக்கிறதுதான் என் வேலை" என்றார்.

ஸ்கேட் காலணிக் கயிற்றில் கட்டிய ஒரு பழைய வட்டை நம் உள்ளங்கைக்கு மேலே தொங்கவிடுவார். வட்டு ஆடும். கயிற்றை ஒரு மனிதன் பிடித்துக்கொண்டிருந்தால் அது ஆடத்தான் செய்யும் என்று அந்த வரிசையில் யாருக்கும் தோன்றவில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, "ஓநாய்" என்பார். இல்லையென்றால் "பனி ஆந்தை". ஓநாய், ஆந்தை, கரடி, வாத்து, மின்னல் என்று மொத்தம் ஐந்து பிறவி வளைவுகள். உள்ளே போய், அலகின் வளைவே தெரியாதபடி கறுப்பு டேப்பைத் தடிமனாகச் சுற்றிய மட்டை ஒன்றைக் கொண்டுவந்து தருவார். கைப்பிடியில் ஓநாயோ வாத்தோ வரைந்திருக்கும். வாத்து கிடைத்தவர்கள் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

நிபந்தனைகளும் உண்டு. ஏரியில் பனி உருகும்வரை டேப்பைப் பிரிக்கக் கூடாது. அடுத்தவர் மட்டையோடு சேர்த்து வைக்கக் கூடாது. வைத்தால் இரண்டு வளைவும் குழம்பிப்போகும்.

"ஆட்டத்துல மட்டையும் மட்டையும் நிமிஷத்துக்கு நூறு தடவை முட்டுதே?" என்று மார்னி ஹாலிக் கேட்டாள். அவள் ஊர் அணியின் கோல்கீப்பர். பிழைப்புக்கு டயர் கடை நடத்துகிறாள்.

பதில் சொன்னது லைல் இல்லை, வெர்ன். அணியின் தலைவர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். வரிசையில் முதல் ஆளாக நின்று கரடி வாங்கியவர். "வேகமா முட்டினா ஒண்ணும் ஆகாது மார்னி. சும்மா சாத்தி வச்சாத்தான் அதிர்வு கலந்துடும்." ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கூடக் காட்டினார். படித்தவர் ஏமாந்தால் கணக்கோடுதான் ஏமாறுவார்.

மார்னி சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஊர் பணம், ஊர் பாடு. ஆனால் அவள் கணவன் ஓரெஸ்டும் ஒரு பனி ஆந்தை வாங்கி வந்திருந்தான்.

ஓரெஸ்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். இருபது வருஷமாக அணியின் பின்காவல். தூரத்தில் நின்று மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி ஒரே அடி. எதிரணி கோல்கீப்பர்கள் அதைக் கண்டால் ஒதுங்கலாமா என்று யோசிப்பார்கள். பனி ஆந்தை வந்த பிறகு அந்த அடி வானத்துக்குப் போக ஆரம்பித்தது. ஒன்று கண்ணாடித் தடுப்பைத் தாண்டிச் சிற்றுண்டிக் கடையில் போய் விழுந்தது. கடைக்காரி டோலோரஸ் உருளைக்கிழங்கு வறுவலுக்குள்ளிருந்து இடுக்கியால் வட்டை எடுத்துக் கொடுத்தாள். மூன்று ஆட்டத்தில் மூன்று தோல்வி.

ஓரெஸ்ட் லைலிடம் போய் முறையிட்டான். லைல் அவன் கையைப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "வளைவுல குத்தமில்லப்பா. உன் கை செத்துப்போச்சு" என்றார்.

மறுநாள் காலை, முட்டை பொரித்துக்கொண்டிருந்த மார்னியிடம் அவன் தன் ஆட்டச் சட்டையை மடித்து நீட்டினான். "இதை வெர்ன்கிட்ட குடுத்துடு. நேர்ல குடுக்கச் சங்கடமா இருக்கு."

"என்ன ஆச்சு உனக்கு?"

"நாப்பத்தி நாலு வயசாச்சு மார்னி. கை போயிடுச்சு. அவர் பாத்தவுடனே சொல்லிட்டார்."

"அவர் உன் கையைப் பாத்தார். நான் இருபது வருஷமா பயிற்சியில உன் அடியை வாங்கறேன். இங்க பாரு, இந்த விரல் கோணலா இருக்கே, இது யார் செஞ்சது?"

அவன் சிரிக்கவில்லை. பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முட்டை கருகிற்று. மார்னிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மட்டை விற்றவனைப் பொறுத்துக்கொள்ளலாம். இருபது வருஷம் ஆடிய மனிதனை ஒரே வாக்கியத்தில் கிழவனாக்கிவிட்டுப் போனவனை எப்படிப் பொறுப்பது?

சனிக்கிழமை மத்தியானம் பிராட்டன் ஊரோடு ஆட்டம். தோற்றால் இந்த ஆண்டு அவ்வளவுதான். அரங்கு நிறைந்திருந்தது. மட்டைகளை ஆசீர்வதிக்க லைலும் வந்திருந்தார். மார்னி கால்காப்பு கட்டிய கோலத்திலேயே, சாக்கு மூடிய ஐந்து மட்டைகளைக் கொண்டுவந்து சிற்றுண்டிக் கடை மேசையில் வைத்தாள்.

"லைல், ஆயிரம் மட்டைக்கு நடுவுல இருந்தாலும் உங்க வட்டு ஓநாயைக் கண்டுபிடிச்சுடும்னு சொன்னீங்களே?"

"கண்டுபிடிக்கும்மா."

"ஆயிரம் வேணாம், அஞ்சுதான். ஓநாய், ஆந்தை, கரடி, வாத்து, மின்னல், ஒவ்வொண்ணு. அஞ்சும் இடப்பக்கம் அடிக்கிறவங்களோடது, அதனால வளைவு ஒரே பக்கம்தான் திரும்பியிருக்கும். கைப்பிடியை மூடிட்டேன், அலகு மட்டும் வெளியில இருக்கு. ஓநாய் எதுன்னு சொல்லுங்க."

லைல் உதட்டை நக்கினார். "இங்க கூட்டம் ஜாஸ்தி. நம்பாதவங்க மூச்சு வேற கலந்திருக்கு."

"நான் வேணா வெளியில நிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. எத்தனைதான் நம்பினாலும் வேடிக்கையை விட்டுக்கொடுக்கிற கூட்டம் உலகத்தில் கிடையாது. "காட்டுங்க லைல், காட்டுங்க" என்றார்கள். லைல் கயிற்றைப் பிடித்தார். வட்டு ஆடியது. மூன்றாவது மட்டையின் மேல் அதை நிறுத்தினார். "இதுதான் ஓநாய். உறுமுறது எனக்குக் கேக்குது."

மார்னி சாக்கை உருவினாள். கைப்பிடியில் வாத்து.

"அது என்னோடது" என்றாள் டோலோரஸ். அவள் ஹாக்கி ஆடியதே இல்லை. ஊரெல்லாம் வாங்கியதால் வாங்கியிருந்தாள்.

"சில வாத்துக்குள்ள ஓநாய் ஒளிஞ்சிருக்கும்" என்றார் லைல். ஒருவரும் தலையாட்டவில்லை. டோலோரஸ் மட்டும் கொஞ்சம் பெருமையாகப் பார்த்தாள்.

"சரி, மட்டைக்காரங்க சம்மதிச்சா டேப்பைப் பிரிச்சுப் பாத்துடலாம்" என்றாள் மார்னி.

"வேணாம், குழம்பிடும்" என்று லைல் கையை நீட்டினார்.

"குழம்பட்டும். ஏற்கெனவே மூணு ஆட்டம் குழம்பிக் கிடக்கு. வெர்ன், இந்தா பென்சில். நீதான் இயற்பியல் வாத்தியார், நீயே வரை."

வெர்ன் தயங்கினார். பிறகு தன் கரடியின் டேப்பைத் தானே பிரித்தார். மற்ற மட்டைக்காரர்களும் சம்மதிக்க, மீதி நான்கின் டேப்பையும் மார்னி பிரித்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மேசைமேல் விரித்து, அதில் அலகை நிறுத்தி அதன் வளைவைக் கோடாக வரைந்தார். அந்தக் கோட்டின் மேல் ஓநாயை வைத்தார். கோடு மறைந்தது. ஆந்தையை வைத்தார். மறைந்தது. மின்னல், வாத்து, எல்லாம் அதே கோடு. கடைசியில் ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாப்பாட்டுத் தட்டுபோல அடுக்கினார். நடுவே ஒரு நகம் நுழைய இடமில்லை.

"எல்லாமே நுனி வளைவு" என்றார் வெர்ன். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"நுனி வளைவு கெட்டது இல்ல" என்றாள் மார்னி. "வலைக்குக் கிட்ட நின்னு மணிக்கட்டால சட்டுனு சுண்டி மேல தூக்கறவனுக்கு அதுதான் நல்லது. தூரத்துல நின்னு ஓங்கி அடிக்கிறவனுக்கு அடிப்பக்கம் வளைஞ்சது வேணும். ரெண்டும் பண்றவனுக்கு நடு வளைவு. வலைக்குள்ள நிக்கிற எனக்கு யார் எப்ப பொறந்தாங்கன்னு தெரியாது. யார் எப்படி அடிப்பாங்கன்னு தெரியும்."

எல்லோரும் லைலைப் பார்த்தார்கள். அவர் வட்டைக் கயிற்றோடு சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டார். மூச்சை விட்டார். அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

"ரெஜினா டவுன்ல ஒரு மட்டைக் கடையை மூடினாங்க. மிச்சம் இருந்ததை மொத்தமா அள்ளிட்டு வந்தேன். பாத்தா எல்லாம் நுனி வளைவு. எல்லாருக்கும் ஒரே வளைவைத் தலையில கட்டணும்னா வேற என்ன வழி சொல்லுங்க? உள்ளபடி சொன்னா பாதிப்பேர் வாங்க மாட்டீங்க. பொறவின்னு சொன்னேன், வரிசையில நின்னீங்க."

போலீசில் பிடித்துக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். கடைசியில், கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தரவைத்து அனுப்பினார்கள். டோலோரஸ் கேட்கவில்லை. வாத்து வந்ததிலிருந்து முதுகுவலி குறைந்திருக்கிறதாம்.

ஓரெஸ்ட் கூட்டத்தின் கடைசியில், சாதாரணச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான். மார்னி யாரிடமோ இருந்து அடி வளைவு மட்டை ஒன்றை வாங்கி அவன் கையில் திணித்து, பனித்தரைக்கு இழுத்துப் போனாள். வலைக்கு முன்னால் குனிந்து நின்றாள். "அடி."

"உனக்குப் பட்டுடும்."

"செத்த கை அடிச்சா எனக்கு என்ன ஆகப்போகுது? அடி."

அவன் ஓங்கினான். வட்டு தரையோடு உரசிக்கொண்டு வந்து அவள் கால்காப்பில் அறைந்த சத்தம் கூரைவரை கேட்டது. அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"வலிக்குதா?" என்று ஓடிவந்தான்.

"ரொம்ப வலிக்குது. போய் உன் சட்டையைப் போட்டுட்டு வா" என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. வலியால் என்றுதான் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைய ஆட்டத்திலும் கிரேன் லேக் தோற்றது, மூன்றுக்கு நான்கு. அந்த மூன்றில் ஒன்று ஓரெஸ்ட் அடித்தது. பிராட்டன்காரர்கள் நன்றாக ஆடினார்கள். அவர்கள் ஜெயித்ததற்கு அதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை வெர்ன் டயர் கடைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார்.

"மார்னி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுது. என் வளைவு என்னன்னு நீயே சொல்லிடேன்."

மார்னி அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"கையுறையைப் போடு வெர்ன், குளிருது. மூணு விதத்துலயும் ஒவ்வொரு மட்டை கடன் வாங்கு. ஒவ்வொண்ணுலயும் அம்பது தடவை அடி. எதுல அடிச்சா வட்டு நீ நெனச்ச இடத்துக்குப் போகுதுன்னு பாரு."

"அதுக்கு ஒரு சாயங்காலமே ஆகுமே?"

"ஆகும். சொந்தமா யோசிச்சா நேரம் ஆகத்தான் செய்யும். இன்னொருத்தன் உனக்காக யோசிச்சா சட்டுனு முடிஞ்சிடும். ஆனா அவன் யோசிக்கிறது உன்னைப் பத்தி இருக்காது, அவன் கிடங்குல மிச்சம் கிடக்கிறதைப் பத்திதான் இருக்கும்."