எங்கள் ஆற்றில் இரண்டே மீன்

யாலோசி கிராமத்திலிருந்து மாமனார் லிகிதா எழுதுவது.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை லொஃபெம்பா அவர்களுக்கு, இங்கே நான், உங்கள் அத்தை, ஆடுகள் எல்லோரும் சுகம். கிசங்கானி நகரத்தில் நீங்களும் மகள் பொலும்புவும் நோய்நொடி இல்லாமல் இருக்க முன்னோர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மழைக்கு முன்னால், ஆற்றைத் தோண்டித் தங்கம் எடுக்கும் கம்பெனிக்காரன் ஒருவன் வந்து, நீங்கள் மீன்வள அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்த மீன்வகை வரைபடத்தை என் முகத்துக்கு நேரே விரித்தான். "பெரியவரே, பக்கத்து ஆத்துப் பாலத்தடியில எண்பது வகை மீனு. உங்க ஆத்துல ரெண்டே ரெண்டு. நாங்க தோண்டினா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான். அப்போது என் வாயில் இருந்ததே மூன்றாவது வகை. முள் தொண்டையில் சிக்கியதால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். உங்கள் ஆராய்ச்சியாளர் டாக்டர் மவிங்கா வருஷா வருஷம் பாலத்தடியில்தான் வலை போடுகிறாராம். தார் ரோடு அங்கே முடிகிறது, விடுதியில் பியரும் ஜில்லென்று கிடைக்கிறது. எங்கள் ஊருக்கு ஒரே தடவை, அதுவும் வெள்ளத்தில் வந்து, கைவலையை ஒருமுறை நனைத்துவிட்டுப் போனவர். நீங்கள் மருமகன் என்பதால் இதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. உங்கள் அத்தைதான் ஊர் முழுக்கச் சொன்னாள்.

என் கெஞ்சலுக்கு இரங்கி அவரை மறுபடி அனுப்பினீர்கள், நன்றி. ஜீப் சேற்றில் புதைந்து, அவரை ஓடத்தில் ஏற்றினால் ஓடம் கவிழ்ந்து, ஒற்றைச் செருப்போடு கரையேறினார், பாவம். ஆனாலும் மனுஷர் விடவில்லை. ஓடையில், சதுப்பில், பாறை இடுக்கில் என்று போட்ட வலையிலெல்லாம் வேறு வேறு மீன். கடைசியில் யானைத் துதிக்கை போல வாய் நீண்ட ஒன்றைப் பிடித்து, "இதுக்கு உலகத்துல இன்னும் பேரே வைக்கல!" என்று குதித்து, வாளியில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அது உங்கள் அத்தையின் சமையல் வாளி.

வந்தவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, பாலத்தடியில இப்படி ருசியா சாப்பிட்டதே இல்ல. என்ன மீனு இது?" என்றார்.

"பேரு வைக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள் அத்தை.

மனுஷர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அதே இனத்தில் இன்னொன்று கிடைத்ததும் என்னிடம் வந்தார். "பெரியவரே, இத்தனை வருஷமா நான் மீனை எண்ணல. ஜீப் போற இடத்தைத்தான் எண்ணியிருக்கேன்." எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. புறப்படும்வரை அந்த மீனைப் போட்டு வைத்த ஜாடியை மட்டும் அவர் மடியை விட்டு இறக்கவில்லை. அத்தை பக்கத்தில் வந்தாலே இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

எங்கள் ஆற்றில் வகை வகையாய் மீன் இருக்கிறது என்று அவர் அறிக்கை கொடுத்த கையோடு கம்பெனிக்காரன் மூட்டை கட்டினான். ஆறு தப்பித்தது. உங்கள் பிள்ளைகள் பத்தாகப் பெருகட்டும், உங்கள் அதிகாரி சீக்கிரம் ஓய்வு பெறட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
லிகிதா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அலுவலகக் காவலர்கள் வந்து நிற்கிறார்கள். அரிய மீன்கள் நிறைந்த ஆறாம். இனி யாரும் வலை போடக் கூடாதாம். என் வலையையும் சுருட்டிக்கொண்டார்கள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மவிங்கா பார்த்ததெல்லாம் எங்கள் ஆற்று மீன்களே அல்ல. அக்கம்பக்கத்து ஆறுகளிலிருந்து விருந்துக்கு வந்தவை. சாப்பிட்டுவிட்டு அன்றே கிளம்பிவிட்டன.