ஆராவமுதனார் ஒரு வலைத்தளத்தைப் புடம்போட்ட படலம்

கடல்சூழ் இந்நிலவுலகில் முடிமன்னர் பலர் வாழ்ந்தனர், மாண்டனர். அவர்களைப் பாடப் புலவர் பலர் இருந்தமையால் நமக்கு அந்த வேலை இல்லை. நாம் பாட வந்தது, அபிராமபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் செயலாளரும், அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கோப்புகளைக் காத்துவரும் காவலரும், விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தையேனும் காலியாக விட்டறியாத விரதசீலருமாகிய ஆராவமுதனாரை. நெற்றியில் ஸ்ரீசூர்ணம் துலங்க, சட்டைப்பையில் இருவண்ணப் பேனா ஒளிர, அன்னார் வாழி. அன்னாருக்கு உலகைக் கொண்டுவந்து காட்டிய தொலைபேசிக் கம்பி வாழி. அக்கம்பியின் முனையில் அமர்ந்து, கழுத்தைப் பிடித்த கோழிபோல் ஒரு நிமிடம் கூவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும் மோடமும் வாழி.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் கோடை. ஏரிகள் வற்றி, குழாய்கள் வெறுங்காற்றைப் பெருமூச்சாக விட்டு, சென்னை மாந்தர் லாரித் தண்ணீர் ஒன்றையே நம்பி உயிர்தரித்த காலம். வாரம் இருமுறை லாரி கொண்டுவந்து கொட்டும் நீரை எந்த வீட்டுக்கு முதலில் திறப்பது, எத்தனை நிமிடம் திறப்பது, சென்ற முறை ஏமாந்த வீட்டுக்கு இந்த முறை எவ்வளவு ஈடுசெய்வது என்று கணித்து அட்டவணையாகத் தரும் அரும்பணியை அந்த அடுக்ககத்தில் ஆற்றிவந்தது ஷீட்மித்ரா என்னும் மென்பொருள். விண்டோஸ் வருமுன் இருந்த டாஸ் காலத்தில் யாரோ செய்து விற்றுவிட்டு, கடையை மூடிக்கொண்டு போய்விட்ட சரக்கு அது. அதை இயக்கத் தெரிந்தவர் ஆராவமுதனார் ஒருவரே. அலுவலகத்தில் பதவி உயர்வு மும்முறை அவரைத் தாண்டிக்கொண்டு போயிற்று, வீட்டில் டி.வி. ரிமோட் மனைவி ஜானகியின் கையில் இருந்தது. ஆயினும் வாரம் இருமுறை அவர் அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் ஒற்றைத் தாளுக்குப் பன்னிரண்டு வீட்டுக் குழாய்களும் பணிந்தன. இவ்வுலகில் அவருக்கென்று இருந்த அரசு அது ஒன்றுதான்.

அந்த அரசுக்கு ஆபத்து, கணினிக் கடைகள் நெருங்கிய ரிச்சி தெரு வழியே வந்தது. அடுக்ககச் சங்கத்தின் கிழட்டுக் கணினியைக் கொடுத்தால் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு ஏற்றிய புதுக் கணினி தருவதாக ஒரு கடை அறிவித்தது. சனிக்கிழமையோடு சலுகை முடிகிறது. மொட்டைமாடியில் சங்கம் கூடிற்று. முப்பது ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து, தாம் ஓய்வுபெற்றும் தமது சிவப்பு மைக்கு ஓய்வு தராத தரைத்தளத்துப் பொருளாளர் சூடாமணி அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய ப்ரோக்ராம் புது மெஷின்ல ஓடுமா? ஓடலைன்னா என்ன பண்றதா உத்தேசம்?"

ஆராவமுதனார் எழுந்தார். தோளில் போட அங்கவஸ்திரம் இல்லாமையால் கைக்குட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, எண்திசையும் அதிரச் சூளுரைத்தார்: "உலகமெங்கும் ஆராய்ந்து, ஓடும் என்று உறுதியான பின்னரே பழையதைக் கைவிடுவேன். அதன் பின்னும் ஷீட்மித்ரா ஓடாதொழியின், செயலாளர் பதவியை அக்கணமே துறப்பேன். இது சத்தியம்." எண்திசையும் அதிர்ந்ததாகச் சொன்னோம். உண்மையில் பாதிப்பேர் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை மாலை, லஸ்ஸில் கரீமுல்லா நடத்திய பிரவுசிங் சென்டருள், மூன்றாம் எண் தடுப்பறைக்குள், பிளாஸ்டிக் நாற்காலி என்னும் தேரேறிப் புகுந்தார் நம் தலைவர். மோடம் கூவிற்று. இருமுறை தொடர்பு அறுந்தது. மூன்றாம் முறை, எந்தெந்தப் பழைய மென்பொருள் எந்தெந்தப் புதுக் கணினியில் ஓடும், எது ஓடாது என்று ஆயிரக்கணக்கில் பட்டியலிட்ட ஓர் அமெரிக்க வலைத்தளம், மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகத் திரையில் இறங்கிற்று. அதில் ஷீட்மித்ரா இல்லை. இல்லாத இடத்தில் ஒரு படிவம் இருந்தது.

படிவத்தைக் கண்டதும் ஆராவமுதனாரின் திண்டோள்கள் பூரித்தன. இந்த மென்பொருளை ஓட்டிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று அதன் தலையில் எழுதியிருந்தது. அதை அவர் படிக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் எந்தப் படிவத்தின் தலைப்பையும் அவர் படித்ததில்லை. கட்டங்கள்தாம் அவருக்குப் படிவம். மென்பொருளின் பெயர்: ஷீட்மித்ரா. ஊர்: மெட்ராஸ். தொழில்: அரசுப் பணி. அடுத்த கட்டம், ஓடுகிறதா, ஆம் அல்லது இல்லை. மனுப் போடுகிறவன் தான் வேண்டுவதைத்தானே எழுதுவான்; வேண்டாததை எழுதும் மூடன் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆகவே 'ஆம்' என்று குறித்தார். குறிப்புகள் என்ற கட்டத்தையும் காலியாக விட மனமின்றி, 'செவ்வனே, எவ்விதத் தடங்கலுமின்றி' என்று அழகிய ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு அனுப்பினார். தமது மனு ஏற்கப்படும் என்ற நம்பிக்கையோடு வீடு சென்று ரசம் சாதம் உண்டார்.

வெள்ளிக்கிழமை திரும்ப வந்தபோது, அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல் காத்திருந்தது: தங்கள் மதிப்புமிக்க தகவலுக்கு மிக்க நன்றி. ஆராவமுதனார் கண்கலங்கினார். இத்தனை ஆண்டுகளில் அவர் கையெழுத்திட்ட ஒரு தாளுக்கும் யாரும் நன்றி சொன்னதில்லை. தளத்தைத் திறந்தார். அங்கே, பட்டியலில் புத்தம்புதிதாய், ஷீட்மித்ரா. ஓடும். செவ்வனே, எவ்விதத் தடங்கலுமின்றி. தகவல் தந்தவர், மெட்ராஸ் அரசு ஊழியர் ஒருவர்.

அற்பர்களாயின் அப்போதே துள்ளிக் குதித்திருப்பர். நம் தலைவரோ எதையும் எளிதில் நம்பாதவர். கத்தரிக்காயையே நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குபவர். ஆகவே அந்தத் தளத்தை நெருப்பிலிட்ட பொன்போல் சோதிக்கத் தொடங்கினார். எழுத்துப் பிழை தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. மினுக்கும் விளம்பரம் தேடினார், இல்லை. தம் மகன் ஆடும் கார் ஓட்டும் விளையாட்டைத் தேடினார். புதுக் கணினியில் அது நடுவழியில் நின்றுவிடும் என்று தளம் சொன்னது. மகனும் அதையே சொல்லி ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். இவ்வாறு முச்சோதனையிலும் தளம் வென்றது. எஞ்சியது தகவல் தந்தவரின் யோக்கியதை. 'செவ்வனே, எவ்விதத் தடங்கலுமின்றி' என்ற வாசகத்தை மும்முறை படித்தார். என்ன தெளிவு, என்ன அடக்கம். நன்கு பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவரின் நடை அது என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. தமது மனுவை அமெரிக்கத் தலைமையகம் பரிசீலித்து, உள்ளூர் அலுவலருக்கு அனுப்பி, நேரில் விசாரித்து நான்கே நாளில் அறிக்கை பெற்றிருக்கிறது என்று முடிவுசெய்தார். நிர்வாகம் என்றால் இதுவல்லவோ நிர்வாகம் என்று உள்ளம் உருகினார்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கரீமுல்லா தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், இத்த ஒரே ஒரு ஆளுதான் சொல்லிக்கீறான். அவன் மெஷின்ல நெஜமா ஓட்டிப் பாத்தானா இன்னான்னு யாருக்குத் தெரியும்? அந்த ஆளு யாருன்னு கண்டுபுடிச்சு ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்."

"அறிவிலிகளின் ஐயம் ஆவணத்தின் முன் நில்லாது," என்று முழங்கி வெளியேறினார் ஆராவமுதனார். கரீமுல்லா அடுத்த ஆளுக்கு மூன்றாம் எண்ணைத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை பழைய கணினி ஆட்டோ ஏறிப் போயிற்று. புதுக் கணினி மஞ்சளும் குங்குமமும் பூண்டு ஆராவமுதனாரின் கூடத்தில் அரியணை ஏறிற்று. ஷீட்மித்ராவைத் தாங்கிய ஃப்ளாப்பியை உள்ளே செலுத்தி, குலதெய்வத்தை நினைந்து, எண்டர் பொத்தானை அழுத்தினார். திரை கருத்தது. இடப்பக்க மூலையில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டிற்று. அவ்வளவுதான். அணைத்தார், ஏற்றினார். ஃப்ளாப்பியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்பச் செலுத்தினார். கம்பிகளையெல்லாம் பிடுங்கிச் செருகினார். கோடு மட்டும் எவ்விதத் தடங்கலுமின்றிச் சிமிட்டிக்கொண்டிருந்தது. காபி கொண்டுவந்த ஜானகி சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"ஏன்னா, அது அப்படியே நின்னுண்டிருக்கே. நீங்களும் அப்படியே நின்னுண்டிருக்கேளே."

அவர் எண்டர் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். ஷீட்மித்ரா இல்லையேல் அட்டவணை இல்லை. அட்டவணை இல்லையேல் செயலாளர் இல்லை. செயலாளர் இல்லையேல் எஞ்சியிருப்பவர், பதவி உயர்வு மூன்று முறை தாண்டிச் சென்ற ஒரு மனிதர் மட்டுமே.

ஞாயிறு காலை, லாரி வரும் நாள். லாரி நீரைக் கொட்டும் நிலத்தடித் தொட்டியாகிய சம்ப் அருகே, குடங்களும் வாளிகளும் புடைசூழ, பன்னிரண்டு வீட்டாரும் அணிவகுத்து நின்றனர். சுவரில் தாள் இல்லை. ஆராவமுதனார் தம் கடைசி ஆயுதமாகிய வலைத்தளத்தின் பிரிண்டை உயர்த்திப் பிடித்து, "பிழை என்னுடையதன்று; உலகமே ஓடும் என்றது; இதோ சாசனம்," என்று அறைந்தார். சூடாமணி அம்மாள் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, மாணவனின் விடைத்தாளைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை படித்தார். ஆராவமுதனார் கவனியாத கடைசி வரியில் அவர் விரல் நின்றது. இங்குள்ளவை வாசகர்கள் அனுப்பிய தகவல்கள், சரிபார்க்கப்பட்டவை அல்ல. அதற்குப் பக்கத்தில் ஒரு தேதி.

"இது மே இருபத்துநாலாம் தேதி வந்த தகவல்னு போட்டிருக்கு. அன்னிக்குத் திங்கக்கிழமை. நீங்க எங்க போயிருந்தேள்?"

"லஸ்ல, பிரவுசிங் சென்டர். ஒரு ஃபாரம் இருந்தது. ஃபில் அப் பண்ணினேன்."

"ஓடறதான்னு கேட்ட எடத்துல என்ன போட்டேள்?"

"ஆமான்னு. ஓடணும்னுதானே நமக்கு…"

அந்த 'மெட்ராஸ் அரசு ஊழியர் ஒருவர்' யார் என்று அவருக்கும் அப்போது தெரிந்துவிட்டது, கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடியில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் எரிந்தது, அழுகை வரும்போலிருந்தது. ஆயினும் வீரர் வீரரே. கைக்குட்டையைத் தோளிலிட்டு, பெருங்குரலில் உரைத்தார்: "சொன்ன சொல் தவறேன். இதோ, செயலாளர் பதவியைத் துறந்தேன். தகுதியுடையோர் வந்து ஏற்றுக்கொள்க."

நான்காம் எண் வீட்டுக்காரர் வானத்தில் மேகம் உண்டா என்று ஆராய்ந்தார். ஏழாம் எண் வீட்டுக்காரருக்குச் செருப்பு வார் திடீரென்று அறுந்துபோயிற்று. ஒன்பதாம் எண் வீட்டம்மாள் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து ஓடினாள். அரியணையைக் கைப்பற்ற எதிரிகள் பாய்ந்து வருவார்கள் என்று காத்திருந்த ஆராவமுதனார், சூடாமணி அம்மாளை நோக்கினார்.

"என்னைப் பாக்காதீங்கோ. கணக்கு எழுதறதே எனக்குப் போறும். நீங்களே இருங்கோ," என்றார் அந்த அம்மாள், பிரிண்டை மடித்து அவரிடமே கொடுத்து. "இன்னிக்கு ஒண்ணாம் நம்பர்லேருந்து வரிசையா தெறந்து விடுங்கோ. அடுத்த தரம் பன்னெண்டுலேருந்து. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?"

பன்னிரண்டு வீடுகளுக்கும் அது உடனே புரிந்துவிட்டது. பதவி போனாலும் தாங்கியிருப்பார். அதைப் பறித்துக்கொள்ளக்கூட ஒருவருக்கும் ஆசையில்லை என்பதுதான் ஆராவமுதனாரின் மார்பில் வேலாய்ப் பாய்ந்தது. இத்தனை காலம் அவர் உயிரெனக் காத்த செங்கோலை, தரையில் கிடந்தாலும் குனிந்து எடுக்க ஆளில்லை. பேரரசுகள் வீழ்ந்ததைப் பாடியிருக்கிறார்கள். வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கப்பட்ட பேரரசைப் பாட இலக்கணத்தில் இடமில்லாமையால் நாமும் திகைத்து நிற்க, தெருமுனையில் இடிமுழக்கமென ஒலி எழும்ப, குடங்கள் ஒன்றோடொன்று மோதி ஆர்ப்பரிக்க, ஈரம் சொட்டச் சொட்ட, பின்னோக்கி, மெல்ல, வாயிலுள் நுழைந்தது அந்த மாபெரும் ஊர்தி.

ஆராவமுதன் போய் சம்ப் மூடியைத் திறந்தார்.