பூச்சாடியில் சிரித்த மனிதர்

நான் ஒரு பட்டதாரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரைக்கும் பார்த்த முதல் ஆள் நான்தான். (பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.) புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணுக்கு முன்னால் பேயே வந்து நின்றாலும் அதற்கொரு விளக்கம் சொல்லி, ஓடப் பார்க்கிறவர்களையும் கையைப் பிடித்து நிறுத்திவைப்போம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் ஒரே அறை வீட்டில் வளர்ந்தவள் நான். வேலை கிடைத்ததும் அப்பாவையும் அம்மாவையும் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக்குக் கூட்டி வந்தேன். நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. ஆனால் குசினிக்கு யன்னல் இருந்தது. அம்மா தன் வாழ்க்கையில் முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் வெங்காயம் வெட்டினார். அந்த மகிழ்ச்சியில் முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெங்காயக் கறிதான்.

வீட்டுச் சொந்தக்காரி மனோன்மணி அன்ரி கீழ்த்தளத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், கந்தோர் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. கணவர் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எங்களோடு கதைப்பதெல்லாம் வாசல் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றபடிதான். அக்ரிமென்டும் ஆறே மாதத்துக்குத்தான்.

"பாப்பம் பிள்ளை. இவற்ற ஆண்டுத் திவசம் முடியட்டும். அதுக்குப் பிறகு நீங்கள் இருக்கிறதோ எழும்புறதோ எண்டு சொல்லுறன்" என்றார்.

"ஓம் அன்ரி" என்றேன். (எங்கள் வீட்டில் 'ஆமா' என்றுதான் சொல்வோம். கம்பிக் கதவுக்கு முன்னால் மட்டும் எனக்கு யாழ்ப்பாணம் வந்துவிடும்.)

இருப்பதா, வீட்டை விட்டு எழும்புவதா? அம்மா அந்த யன்னலைத் துடைக்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டார். எங்களைப் போல நல்ல குடியிருப்பாளர் உலகத்திலேயே கிடையாது என்று அன்ரிக்குக் காட்டிவிட வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். எங்கள் லேன் பல்கணிகளில், செடி செத்துப்போன கறுப்புப் பிளாஸ்டிக் சாடிகள் கிடப்பதைப் பார்த்திருந்தேன். லேன்காரரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'வேண்டாத பிளாஸ்டிக் பூச்சாடிகளைக் குப்பையில் போடாதீர்கள். நாலாம் மாடி வாசலில் வையுங்கள். உடைந்ததை மீள்சுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, நல்லதைக் கழுவிப் புதுக் கன்று நட்டுத் தருவேன்.' கீழே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் பட்டம்.

ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு சாடி இருந்தது. அதில் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாடியின் பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் அது. கீழே ஏதோ எழுத்து இருந்து தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. முகம் மட்டும் அழியவில்லை. மூக்குக் கண்ணாடி, பல் தெரியாத சிரிப்பு. ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று உயரம், 'ஓகோ, அப்படியா?' என்று கேட்பதுபோல. நான் இடது பக்கம் போனால் அவரும் இடது பக்கம் பார்த்தார்.

அடுத்த நாள் இரண்டு சாடிகள். அதே மனிதர். அதற்கடுத்த நாள் ஐந்து.

சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஆளில்லை. நடைவழி முழுக்கக் கடற்காற்று. எங்கோ கீழே ஒரு ரப்பர் செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே போனது. வாசல் நடுவில் ஒரு சாடி இன்னமும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆடி, ஆடி, அவருடைய முகம் என் பக்கம் திரும்பியதும் நின்றது.

இரண்டாம் மாடிக் குமாரதாசன் அங்கிளிடம் போய்க் கேட்டேன்.

"சாடியோ? எங்கட வீட்டில சாடியே இல்லைப் பிள்ளை" என்றார். அவருக்குப் பின்னால் பல்கணித் தரையில் ஒரு வட்டக் கறை, புதிதாக.

முதலாம் மாடி பௌசியா தாத்தா (முஸ்லிம் வீட்டு அக்காமாரை இங்கே 'தாத்தா' என்போம்), "நான் ஒண்டும் வெக்கல்லம்மா" என்று, நான் கேள்வியை முடிக்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்.

இரண்டு வாரத்தில் எங்கள் ஹோலில் நாற்பத்தொரு பேர். இல்லை, ஒரே ஆள், நாற்பத்தொரு தடவை. கரையோர ரயில் போகும்போதெல்லாம் எல்லாச் சாடிகளும் சேர்ந்து நடுங்கின. அம்மா தன் பழைய சேலையை எடுத்து மூடினார். காற்றில் அந்தச் சேலை எழும்பித் தாழ்ந்தது.

"பாரு, மூச்சு விடுறாரு" என்றார் அம்மா.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் அப்பா, யாருக்கும் பயப்படாத மனிதர், சோற்றுக் கோப்பையோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இத்தன பேரு பாத்துக்கிட்டிருந்தா சோறு எறங்குமா புள்ள? யாரோ நமக்குச் செய்வினை செஞ்சு வைக்கிறாங்க. கொண்டுபோய்க் கடல்ல போட்டுரு."

"கடல்லயா? பிளாஸ்டிக்கையா?" நான் எழுந்து நின்றேன். உரை நிகழ்த்தும்போது எழுந்து நிற்பது என் பழக்கம். "ஊதுபத்திப் பெட்டியில யாரு படம் இருக்கு? பல்பொடிப் பைக்கற்றுல யாரு படம் இருக்கு? மொதலாளி படம். இவரு சாடிக் கம்பனி மொதலாளி. அவ்வளவுதான்."

அப்பா அவரைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். புருவம் உயர்ந்தே இருந்தது.

முதலாளியை உரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். தண்ணீருக்கு அடியில் இன்னும் தெளிவாகச் சிரித்தார். ஒரு சாடியைக் கத்தியால் சுரண்டினேன், வாய் மட்டும் உரிந்து வந்தது. வாயில்லாமல் பார்க்கும் பார்வை அதைவிட மோசம் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிக்க முடிவு செய்து, வீட்டில் இருந்த சுண்ணாம்பைக் கரைத்தேன்.

"பிளாஸ்டிக்ல சுண்ணாம்பு புடிக்காதும்மா" என்றார் அப்பா.

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவ" என்றேன். (படித்தேன். அந்தப் பாடத்தில் நான் எடுத்த பெறுபேற்றை அப்பாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.)

குரோட்டன் தடிகளை நட்டேன். மூன்று வாரத்தில் துளிர்த்தன. வெள்ளைச் சாடிகளின் படத்தைக் குழுவில் போட்டதும், அதுவரை ஊமையாக இருந்த அத்தனை பேரும் உயிர்த்தெழுந்தார்கள். 'அருமை மகள்' என்று குமாரதாசன் அங்கிள் நான்கு தடவை எழுதினார். அந்தச் சந்தோசம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

திவசம் நெருங்கியது. அதற்கு மறுநாள் அன்ரி எங்களுக்குப் பதில் சொல்வார். விடக்கூடாது என்று போய்க் கேட்டேன்: "அன்ரி, வாற சனத்துக்கு வடிவா இருக்கும். கேற்றடியில இருந்து உங்கட வாசல் மட்டும் என்ர சாடியளை அடுக்கிவிடட்டோ?"

"அடுக்கிறதெண்டா அடுக்கு" என்றார் அன்ரி. முதல்முறையாகக் கம்பிக் கதவு எனக்குத் திறந்தது.

திவசத்தன்று காலையில் இரு பக்கமும் வரிசையாக அடுக்கினேன். மத்தியானம் லேன்காரர் எல்லோரும் அந்த வரிசை நடுவே நடந்து வந்தார்கள். அம்மா கேற்றடியில் பெருமையாக நின்றார். நான் தண்ணீர்த் தட்டோடு அன்ரியின் ஹோலுக்குள் நுழைந்தேன்.

சுவரில், மாலைக்குள், மூக்குக் கண்ணாடியும் ஒற்றைப் புருவமுமாக, சாடிக் கம்பனி முதலாளி.

தண்ணீர்த் தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். "யார் இவர்?" என்று பக்கத்தில் நின்ற குமாரதாசன் அங்கிளிடம் கேட்டேன்.

"அன்ரியின்ர அவர்தான். போன வருசம் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நினைவா இருக்கட்டும் எண்டு வீட்டுக்கொரு துளசி குடுத்தவை, அவற்ற படம் ஒட்டின சாடியில. துளசி செத்துப்போச்சு. குப்பைக்குள்ள போட மனம் வருமே பிள்ளை? அவர் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்!" என்று குரலைத் தாழ்த்தினார். "நீ நல்லா வெள்ளை அடிச்சுவிட்டாய். ஆருக்கும் தெரியாது."

அப்போதுதான் வாசல் தாழ்வாரத் தகரத்தில் முதல் துளி விழுந்தது.

நான் வாசலுக்கு ஓடினேன். வெள்ளவத்தை மழைக்கு ஆயத்தமெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கொட்டும். முதல் சாடியில் ஒரு கண் திறந்தது. அடுத்ததில் புருவம். சுண்ணாம்பு கோடு கோடாக வழிய, இரு பக்கமும் அவர் ஒவ்வொருவராக வெளியே வந்தார், வெள்ளைக் கண்ணீர் வடித்தபடி, சிரித்தபடி. தாழ்வாரத்தில் நின்ற சனம் அப்படியே உறைந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் மட்டும் எல்லோரையும் பார்த்தார்.

கேற்றடியில் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு எங்கள் குசினி யன்னல் கண்ணுக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

அன்ரி வெளியே வந்தார். ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை நிதானமாகப் பார்த்தார்.

"சரி" என்றார். "அவரும் வந்திட்டார். இனிச் சாப்பிடுவம்."

அப்படிச் சத்தமில்லாத விருந்தை நான் பார்த்ததில்லை. அப்பளம் உடைவது வெடிபோலக் கேட்டது. சாப்பாடு முடிந்ததும் குமாரதாசன் அங்கிள் எழுந்து, "எங்கட சாடியைப் பிள்ளையிட்டக் கன்று நடத்தான் குடுத்தனாங்கள்" என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டார். உடனே, "எங்கடயும்", "எங்களோடதும்தான்" என்று ஆளுக்கொன்றாய்த் தூக்கினார்கள். அன்ரி கேற்றடியில் நின்று, "கவனமாக் கொண்டு போங்கோ, அவருக்கு ஈரம் ஒத்துவராது" என்று வழியனுப்பினார்.

கடைசியில் ஒரு சாடி மிஞ்சியது. நான் சுரண்டிய, வாயில்லாத சாடி.

"அன்ரி, நாங்க இந்தக் கிழமையே எழும்புறம்" என்றேன். யாழ்ப்பாணம் என்னைக் கைவிட்டிருந்தது. பாதி ஜிந்துப்பிட்டியில் அழுதேன்.

அன்ரி சாடியைக் குனிந்து பார்த்தார். பிறகு லேனில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"நாங்கள் நாப்பது குடுத்தனாங்கள். நாப்பத்தோராவது என்ர. அதையும் உன்ர வாசலில வைச்சது நான்தான். நாலு மாடி ஏறி, மணியும் அடிச்சிட்டு, இந்த வயசில ஓடினனான்."

நான் குனிந்து அன்ரியின் ரப்பர் செருப்பைப் பார்த்தேன்.

"தேத்தண்ணிக்குச் சீனி போட்டாலும் பாக்கிறார், ரிவி போட்டாலும் பாக்கிறார். சுவரில இருக்கிறவரைக் கழட்ட ஏலாது, சனம் கதைக்கும். இவரையெண்டாலும் அனுப்புவம் எண்டு பாத்தன்." சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். "வாயில்லாமல் நல்லாத்தான் இருக்கிறார். இது நாப்பது வருசத்துக்கு முதல் செய்திருக்க வேண்டிய வேலை."

அக்ரிமென்ட் இரண்டு வருடத்துக்கு நீண்டது. ஒரே நிபந்தனை: அந்தச் சாடி மேலே எங்களோடு இருக்க வேண்டும், வைத்தது யார் என்று லேனில் தெரியக்கூடாது. இப்போது எழுதலாமா என்று அன்ரியிடம் கேட்டேன். "எழுது, எல்லாரும்தானே வைச்சவை. ஆனா என்ர வயசில பத்தைக் குறைச்சுப் போடு" என்றார். குறைத்திருக்கிறேன்.

சாடி எங்கள் பல்கணியில் இருக்கிறது. அம்மா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், முகத்தைப் பார்க்காமல். அப்பாவோ அவரோடு பழகிவிட்டார். வீட்டுக்கு யாராவது வந்து கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் போதும், அப்பா உதட்டில் விரலை வைத்துப் பல்கணிப் பக்கம் காட்டுவார்.

"மெதுவா கதைங்க. வீட்டுச் சொந்தக்காரரு இருக்காரு."