தாரா அண்ணை தண்ணீரில் இறங்கினார்

பீலெஃபெல்ட் தமிழர்களில் வேட்டைக்காரர் என்று ஜெர்மன் அரசாங்கமே அத்தாட்சி கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தாரா அண்ணைதான். சொட்கன் துவக்குக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் அந்த அரசாங்கம் அவரிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டது. கேட்க மறந்தது ஒன்றுதான்: உங்களுக்கு நாய் என்றால் பயமா?

பயம் என்றால் சாதாரணப் பயமல்ல. எதிரே ஒரு கிழவி முயலளவு நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தால், அண்ணை சிவப்பு விளக்கையும் பாராமல் வீதியின் மறுபக்கம் பாய்ந்துவிடுவார். ஈ காக்கை இல்லாத தெருவிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிற நாட்டில் இது சின்னக் குற்றமல்ல.

வேட்டைக்காரர் பரீட்சை இங்கே லேசானதுமல்ல. பறவை, மிருகம், மரம், சட்டம், துவக்கு என்று தலையணைத் தடிப்பில் புத்தகம். யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, அத்தனையையும் ஜெர்மனில் படித்துப் பாஸ் பண்ணினார். அதிலும் நாய்களைப் பற்றிய பகுதியில்தான் அவருக்கு நல்ல புள்ளிகள். காதைப் பார்த்தே என்ன சாதி நாயென்று சொல்லிவிடுவார்.

“எதிரியை வடிவா அறிஞ்சு வைச்சிருக்கவேணும், தம்பி” என்றார் என்னிடம்.

பாஸான மறுநாளே பச்சைத் தொப்பி, பச்சை ஜாக்கெட், பச்சைக் காலுறை. கோயில் தேருக்கும் அந்தத் தொப்பியோடுதான் வந்தார். அவர் குறிவைத்தது காட்டு வாத்துகளை மட்டுமே. வாத்தை எங்கள் ஊரில் தாரா என்போம். அப்படித்தான் அண்ணைக்குப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவருடைய விசா அட்டையில் மட்டும் தங்கிவிட்டது.

அவரைத் தன் குளத்தில் சுட அனுமதித்தவர் ஹெர்மான் என்ற வயதான விவசாயி. ஹெர்மானிடம் பெல்லா என்றொரு பெண் நாய் இருந்தது. மண்ணிற உடம்பு, நீளக் கால், தண்ணீரைக் கண்டால் நிற்கத் தெரியாத பிறவி. தண்ணீர்ப் பறவை சுடப் போனால் பழக்கிய நாயொன்று கூட வரவேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. பெல்லா வரும், ஆனால் ஹெர்மானின் வண்டிக்குள் கதவு பூட்டியபடி இருக்கும். சட்டத்துக்கு நாய் வந்திருந்தது. தாரா அண்ணைக்கு நாய் வரவில்லை.

“நாய் வாயிலை கவ்வினா இறைச்சியின்ரை ருசி கெட்டுப்போம்” என்று ஹெர்மானுக்கு அண்ணை ஒரு விளக்கமும் கொடுத்தார். ருசியைப் பற்றிப் பேச அவருக்கு உரிமையே இல்லை. அவர் வீட்டுத் தாராக் கறியில் மிளகைவிடத் தோட்டாவின் ஈயச் சன்னம்தான் அதிகம். பல் வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து ஒரு டெர்மின் எடுத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடப் போவோம்.

நாய் எடுக்காவிட்டால் யார் எடுப்பது? முதலில் தூண்டில் வந்தது. விழுந்த தாராவுக்கு அப்பால் கொக்கியை எறிந்து இழுப்பதாகத் திட்டம். முதல் எறிதலில் கொக்கி அவருடைய தொப்பியைக் கொண்டுபோனது. இரண்டாவதில் என் ஜாக்கெட் கிழிந்தது. தாரா மிதந்து அக்கரைக்குப் போய்விட, நாங்கள் குளத்தைச் சுற்றி ஓடினோம். நாங்கள் போய்ச் சேர, காற்று மாறி அது இக்கரைக்குத் திரும்பியது. ஹெர்மான் இருந்த இடத்திலிருந்தே குனிந்து அதை எடுத்தார்.

அடுத்தது, பிள்ளைகள் விளையாடும் காற்றுப் படகு. செம்மஞ்சள் நிறம், பக்கத்தில் சிரிக்கிற மீன்களின் படம். அண்ணை அதில் குப்புறப் படுத்துக் கையால் வலித்தார். அவர் கிளப்பிய அலையில் தாரா முன்னே முன்னே போனது. பெருமையோடு துரத்திப் போனவரை நாணல் தட்டை ஒன்று தடுத்தது. பிறகு கேட்டது ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம் மட்டும்தான்.

நனைந்து வந்தவரைப் பார்த்து அவருடைய மனைவி சுகந்தி அக்கா வாசலில் நின்று சொன்னார்: “ஒரு நாயை வளர்த்தா என்னப்பா? அதுவாவது சொல்வழி கேக்கும்.”

கடைசியாக வாங்கியது நெஞ்சுவரை வருகிற றப்பர் காற்சட்டை. இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் நான். நவம்பர் மாதம், தண்ணீர் ஊசியாய்க் குத்தும் காலம். தாரா விழுந்தது கிட்டத்தான். அண்ணை இறங்கி நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது வைக்க ஏலவில்லை. சேறு இரண்டு காலையும் பிடித்துக்கொண்டது.

“இழும், தம்பி!”

இழுத்தேன். அண்ணை இடுப்பில் மடிந்தாரே தவிர நகரவில்லை. அதற்குமேல் பொறுக்க மாட்டாமல் ஹெர்மான் வண்டிக் கதவைத் திறந்தார். பெல்லா குளத்தில் பாய்ந்த சத்தம் கேட்டதும் அண்ணை போட்ட கூச்சலில், மிச்சமிருந்த பறவைகளும் எழும்பிப் பறந்தன.

“ஐயோ! பிடியுங்கோ! அது என்னட்டைத்தான் வருது!”

பெல்லா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய தோளை உரசிப் போய், தாராவைக் கவ்விக்கொண்டு வந்து ஹெர்மானின் கையில் கொடுத்தது. பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து இழுத்ததில் அண்ணை வந்தார். றப்பர் காற்சட்டை வரவில்லை. நட்சத்திரப் படம் போட்ட உள்காற்சட்டையோடு கரையில் நின்றவரிடம் ஹெர்மான் சொன்னார்: “இனி பெல்லா எடுக்கும். இல்லையென்றால் நீ சுடுவதில்லை.”

தொப்பி இருந்திருந்தால் கழற்றியிருப்பார். “சரி” என்றார், சின்னக் குரலில்.

அடுத்த முறை பெல்லா வண்டிக்கு வெளியே, ஹெர்மானின் காலடியில் இருந்தது. அண்ணை எனக்குப் பின்னால் ஒளிந்து நின்று சுட்டார் என்று நான் சொன்னால் மிகை. எனக்குப் பக்கத்தில், ஹெர்மானுக்கு மறுபுறம். மாலை வெளிச்சம் குறையும் நேரத்தில் ஒரு சேவல் தாரா செட்டை முறிந்து நாணலுக்குள் விழுந்தது. பெல்லா போனது, வெகுநேரம் தேடியது, வெறும் வாயோடு திரும்பியது.

“விடு. நரி பார்த்துக்கொள்ளும்” என்றார் ஹெர்மான்.

அண்ணை துவக்கைத் திறந்து தோட்டாக்களை எடுத்து ஹெர்மானிடம் கொடுத்தார். கயிறும் இல்லை, றப்பர் காற்சட்டையும் இல்லை. சாதாரணச் சப்பாத்தோடு நாணலுக்குள் இறங்கினார். நாங்கள் கத்தினோம், கேட்கவில்லை. அவர் இறங்கியதைக் கண்டு பெல்லாவும் பின்னால் பாய்ந்தது.

“ஹெர்மான்! இது எனக்குப் பின்னாலை வருது!” என்ற அலறல் உள்ளேயிருந்து கேட்டது. திரும்பி வருவார் என்று பார்த்தேன். நாணல் அசைவு இன்னும் உள்ளுக்குத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு அலறல். அதுவும் இன்னும் தூரத்திலிருந்து.

கறுத்து வருகிற நேரத்தில் வந்தார். கையில் தாரா. அதன் வேதனையை அவர் முடித்துவிட்டிருந்தார், அசையாமல் தொங்கியது. முழங்காலோடு உரசிக்கொண்டு பெல்லா. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, நேரே என்னைப் பார்த்தபடி நடந்து வந்தார்.

“பயமாயிருக்கேல்லையோ, அண்ணை?”

“பயமில்லாமல்? உயிரே போட்டுது. அதுக்காக அதை அங்கை துடிக்க விட்டிட்டு வாறதே? சுட்டது நானெல்லோ.”

அவருக்குப் பல் கிட்டியிருந்தது. விரல்கள் நீலம் பாய்ந்து, ஹெர்மான் சுடுபோத்தலிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க வரவில்லை. நான் பக்கத்தில் இருந்து, ஆற்றி ஆற்றி, அவர் குடித்து முடிக்கும்வரை கோப்பையை அவர் வாயோடு பிடித்துக்கொண்டிருந்தேன்.