கன்னத்தில் ஒட்டிய அம்புக்குறி

குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். (வீட்டுக்காரர் மேல் ஒட்டுவதென்றால் ஒரு ரோல் போதாது.)

மகள் கவிதா படித்த பள்ளிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். உதவியாளர் வேலைக்கு ஆளே போடவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒத்தாசைக்குப் பெற்றோர் யாராவது வேண்டும் என்றார்கள். லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

"காலைல எல்லாத்தையும் பாத்தர்றனுங்க. சொத்தை இருக்கறவங்கள அடையாளம் வெச்சுக்குங்க, மத்தியானம் வைத்தியம் பண்ணிக்கலாம். இன்னைக்கு உட்டா அடுத்த வருசந்தான் வர முடியும்," என்றார்.

பெயரை எழுதி வைத்திருக்கலாம். எனக்குத்தான் தொழில் கைவசம் இருக்கிறதே, பையில் ஸ்டிக்கர் ரோலும் கிடந்தது. டாக்டரம்மா "சொத்தை" என்றதும் அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டினேன். அவர் அதற்குள் அடுத்த வாய்க்குப் போய்விடுவார்.

சாப்பாட்டு மணி அடித்தது. ரோலைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பள்ளிக்கூடம் முழுக்க அம்புக்குறி. மூக்கில், முழங்கையில், தலைமையாசிரியர் முதுகில்கூட ஒன்று. ஊசிக்குப் பயந்தவர்கள் தங்களுடையதைப் பிய்த்து எறிந்திருந்தார்கள்.

"ஏனுங்க, இதுல யாருக்குங்க சொத்தை?" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு நிமிடம் பார்த்தார், சிரித்தார். "பரவால்லீங்க. ஸ்டிக்கர்தான மாறுச்சு, பல்லு அங்கயேதான இருக்கும்."

கையைக் கழுவிவிட்டு முதல் பிள்ளையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். டீகூடக் குடிக்கவில்லை, ஒரு பிள்ளையையும் அதட்டவில்லை. அப்படி ஒரு பொறுமையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கடைசியாகக் கவிதா வந்து நின்றாள்.

"இந்தக் கண்ணு காலைல வரவே இல்லீங்களே," என்றார் டாக்டரம்மா. பயந்துபோய்க் கடைசி வகுப்பில் ஒளிந்திருந்தாளாம்; டாக்டரம்மா யாரையும் அதட்டாததைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்ததாம். ஒட்டும் மும்முரத்தில் நான் கவனிக்கவே இல்லை.

கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. "இன்னும் ஒரு வருசம் போயிருந்தா புடுங்கித்தான் ஆகோணும்," என்றவர், இருட்டுவதற்குள் சுரண்டி அடைத்துவிட்டார்.

இன்று கவிதாவுக்கே ஒரு மகள் இருக்கிறாள். இப்போதும் நான் வீட்டில் எதற்காவது குறை சொல்ல ஆரம்பித்தால் போதும். "செக்கிங்ல உன்ற புள்ளையவே உட்டுட்ட ஆளுதானம்மா நீ," என்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தக் கடைவாய்ப் பல் நன்றாகத் தெரிகிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.