பன்றிக் கண்ணுக்கு நன்றி

சஸ்கட்டூன்,
ஜனவரி, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஒரெஸ்ட் மாமாவுக்கு,

மருமகள் லரிசா வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் குளிரில் மூக்கு நுனி நீங்கலாக நான் சௌக்கியம். நீங்களும் ஓல்ஹா அத்தையும் உங்கள் கறிக்கடையும் அமோகமாக இருக்க வேண்டும். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அனுப்பிய பன்றிக் கண்கள் என் படிப்பைக் காப்பாற்றிவிட்டன.

தோல் செல்லைக் கண் லென்ஸ் செல்லாக மாற்றுகிறேன் என்று கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்லி உங்களைத் தூங்க வைத்தேனே, அதேதான். செல் மாறியிருந்தால் அதில் கிரிஸ்டலின் என்ற லென்ஸ் புரதம் இருக்கும், சோதனைத் தாளில் கறுப்புக் கோடு விழும். ஒவ்வொரு சாற்றையும் தனித்தனிக் குழியில் ஊற்றி ஓட்டினால், தாளில் அததற்கு ஒரு பாதை. எனக்கு விழவே இல்லை. பேராசிரியர் வின்ஸ்லோ, "இதோ பாரும்மா, கிரிஸ்டலின் கண்டிப்பா இருக்கிற சாறு ஒண்ணைப் பக்கத்துல ஓட்டு. அதுல கோடு விழுந்து உன்னோடதுல விழலைன்னா, கடையைக் கட்டிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சாற்றை, அதாவது செல்லை உடைத்து எடுத்த லைசேட்டை, ஒரு கம்பெனியிலிருந்து வரவழைத்தோம். கூரியர்காரன் அதை வேறு கட்டடத்தில் ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக, என் கைக்கு வரும்போது வெந்நீராக இருந்தது. அழாத குறையாக உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்கள் தங்கமான மனுஷன், மறுபேச்சில்லாமல் அனுப்பினீர்கள். ஆனாலும் மாமா, ஐஸ்கிரீம் வாளியிலா அனுப்புவது? உங்கள் லாரிக்காரர் அதை எங்கள் துறை ஆபீசில் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் மதியச் சாப்பாடு. ஆபீசில் வேலை பார்க்கும் டோரீன் அதை வெனிலா என்று நினைத்து, ஆப்பிள் பை பலகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து, கரண்டியும் கையுமாக மூடியைத் திறந்தார். "அடக் கடவுளே, இது என்னையே முறைக்குதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரண்டி ஒரு பக்கம், பலகாரம் ஒரு பக்கம். வின்ஸ்லோ மட்டும் சாவகாசமாக எட்டிப் பார்த்து, "அட, நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கே! இப்படி ஒரு மாமா எனக்கு இல்லாமப் போயிட்டாரே!" என்றார்.

லென்ஸ்களை எடுத்து, ஐஸில் வைத்து அரைத்து, சாறு இறக்கினேன். முதல் தடவை தாள் முழுக்கத் தார் பூசியது போல் கறுத்துவிட்டது. பன்றி லென்ஸில் அவ்வளவு கிரிஸ்டலின்! நன்றாக நீர்க்கவைத்து மறுபடி ஓட்டினேன். பன்றிக்கு ஒரு தடித்த கோடு. அதை ஒட்டின பாதையில், என் செல்லுக்கு, மெல்லிசாக ஒரு கோடு! தேம்பித் தேம்பி அழுதேன் மாமா. வின்ஸ்லோ, "விழுந்துடுச்சே! சரி, இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கோ" என்றார். உங்களுக்கு என்ன செய்து இந்தக் கடனைத் தீர்ப்பேன்?

அத்தைக்கு என் முத்தங்கள். உங்கள் கத்தி மழுங்காமல், கை வலிக்காமல் நீடூழி வாழ்க.

நன்றி மறவாத,
லரிசா

பி.கு.: உறையை ஒட்டும் முன் மனசு கேட்காமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன், இந்த முறை பன்றிக்கும் என் செல்லுக்கும் நடுவே ஒரு பாதையைக் காலியாக விட்டு. என் செல்லுக்கு ஒன்றும் விழவில்லை. ஒன்றுமே ஊற்றாத காலிப் பாதையில் அதே மெல்லிய கோடு. பன்றிச் சாறு பக்கத்தில் வழிந்திருக்கிறது; போன தடவை என் பாதையில் விழுந்ததும் அதுதான். ஒரு வருஷம் கிடைத்தது எனக்கில்லை மாமா, உங்கள் பன்றிக்கு. திங்கட்கிழமை வின்ஸ்லோவிடம் போய்ச் சொல்லத்தான் போகிறேன். அத்தை கோடு விழுந்த கதையைச் சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றால், எல்லாரையும் எனக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.