கூரையைப் பிரித்துக் கத்தரி நட்ட கதை

கத்தரிச்செடி நடுவதற்காகக் குடியிருந்த வீட்டின் கூரையைப் பிரித்தவன் நான். வெளியூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், நாள் கிழமையோடு சொல்வார்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தெருவிலேயே பி.யூ.சி. வரை போனவன் நான் ஒருவன்தான் (தேறினேனா என்று கேட்கக் கூடாது). அப்பா மிராசுதாரின் பண்ணையில் கூலி. எங்கள் வீடு இருந்த மனையும் மிராசுதாருடையது. ஐப்பசி பிறந்தால் வாய்க்கால் தண்ணீர் கொல்லைக்குள் வந்து நிற்கும். அம்மா நட்ட கத்தரியெல்லாம் வேரழுகிச் சாகும். சுற்றிலும் தகரம் நிறுத்தி மேட்டுப் பாத்தி கட்டினால் பிழைக்கும் என்று வானொலியில் கேட்டேன். கேட்டவன் சும்மா இருந்திருக்கலாம்.

புயலில் விழுந்த ரைஸ்மில்லின் நெளி தகரம் எட்டை அப்பா தலைச்சுமையாகக் கொண்டுவந்து வீட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தார்.

"கோடையில தகரம் கொதிக்குதுப்பா. பிரிச்சிட்டுக் கீத்துப் போட்டா குளுகுளுன்னு இருக்கும்" என்றேன்.

அம்மா முறைத்தாள். அப்பா, "படிச்ச புள்ள சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பிரித்தேன். தகரத்தைக் கொல்லையில் நிறுத்தி, ஒடிந்த மாட்டுவண்டிப் பலகைகளை முட்டுக் கொடுத்து, வண்டல் நிரப்பி, நான்கு பாத்தி கட்டி நாற்றும் நட்டாயிற்று. கீற்று முடைய மட்டை குளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அதுவரை சட்டி பானையோடு சித்தப்பா வீட்டில் இருந்தோம்.

மூன்றாம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். பண்ணை மனையில் குடியிருப்பவர்களுக்கே அதைப் பட்டா போட்டுக் கொடுக்கச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதற்காக அப்பா கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்கும் போய்வந்தவர். அன்று பார்த்து அவர் வயலில். இன்ஸ்பெக்டரோடு மிராசுதாரின் காரியஸ்தரும் வந்தார். அதுவரை என்னை "டேய்" என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர்.

"தம்பி, பிரமாதமா இருக்கே! சாருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்றார்.

அந்த மரியாதையில் விழுந்தேன். வடிகால், வேர், காற்றோட்டம் என்று கால் மணி நேரம் பொளந்து கட்டினேன்.

"அப்ப இது தோட்டம்தான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முழுக்கத் தோட்டம் சார்! அந்த மொட்டைச் சுவர்லகூட பொடலங்கொடி ஏத்தப் போறேன்."

எழுதி நீட்டினார். தெருவில் மற்றவர்கள் அவரவர் மனைக்குக் கைநாட்டு வைத்தபோது நான் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு, அடியில் கோடும் இழுத்தேன். என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை (படித்தவன் அல்லவா!).

தெருவில் எல்லோருக்கும் பட்டா வந்தது. எங்கள் மனைக்கு நேரே 'தோட்டம், குடியிருப்பு இல்லை' என்று இருந்தது. மனுப் போட்டால், மகனே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று திருப்பினார்கள். மனையைக் காலி செய்துவிட்டு வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டோம். அந்த வருஷம் கத்தரி ஒன்றுகூட அழுகவில்லை. காரியஸ்தர் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பாம்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பல வருஷம் கழித்து, புறம்போக்குக் குடிசைகளுக்குப் பட்டா கொடுக்கக் கணக்கெடுக்க வந்தார்கள். அதிகாரியின் ஜீப்பைப் பார்த்ததும் அப்பா, "தம்பி, கடைத்தெருவுக்குப் போயிட்டு வா" என்றார்.

"என்னப்பா வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம்."

போனேன். பட்டா கிடைத்தது.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் வீட்டுக்கு ஓட்டர் லிஸ்ட் எடுக்க யாராவது வந்தால்கூட, என் தங்கை வாசலிலேயே நிறுத்தி, "சார், ஒரு நிமிஷம் இருங்க. அண்ணே, கடைக்கு!" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.